அளந்து போட்டாலும் ஆற்றில்தான்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்துதான் போட்டேன். போட்டதெல்லாம் ஆற்றுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது என்பது புரிய மூன்று வருடம் பிடித்தது.

வீட்டுக்குப் பின்னால் 10 சதுர மீட்டரில் ஒரு பாத்தி. மணற்பாங்கான மண். அதில் 25 தக்காளி நாற்றுகளை நட்டேன். அவை வேர்பிடித்து நிமிர்ந்து, ஒவ்வொன்றும் ஆறேழு இலை விட்டிருந்த இரண்டாவது வாரம் மேலுரம் வைத்தேன். நான்கு கைப்பிடி யூரியா. ஒரு கைப்பிடி எவ்வளவு இருக்கும் என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, 50 கிராம் என்று குறித்துக்கொண்டு, கணக்குப் போட்டுத் தூவியது. அவ்வளவு ஒழுங்கு எனக்கு. தூவிய கையோடு தண்ணீர் விட மட்டும் மறந்துவிட்டேன். மறுநாள் உச்சி வெயிலில் களை பிடுங்கக் குனிந்தபோது மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. ஏதோ மண்வாடை என்று விட்டுவிட்டேன். அன்று ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. காலையில் பாத்தி குளமாக நின்றது. மழை பெய்தால் உரம் நன்றாக இறங்கும் என்று சந்தோஷப்பட்டேன். இறங்கத்தான் செய்தது.

செடிகள் ஒரு வாரம் கரும்பச்சையில் மினுங்கின. ஐந்தாவது வாரம் அடியிலைகள் வெளிறி மஞ்சளித்தன. சத்து போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் நான்கு கைப்பிடி. இந்த முறை செடி பிடித்துக்கொண்டது. இடுப்பு உயரத்துக்கு இலைக்காடு. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, நீ காய்க்கு வச்சியா, தழைக்கு வச்சியா?"

நம் மொழியில் நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது, விவரமானவர். அது செய்கிற வேலை பெயரிலேயே இருக்கிறது. பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல்சத்து. தழைச்சத்தைக் கொட்டினால் தழைதான் வரும். பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தும் நான் படிக்கவில்லை.

பெரியவர் போன பிறகுதான் நிஜமான கணக்கைப் போட்டேன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக, 200 கிராம் யூரியாவில் 92 கிராம் நைட்ரஜன். சரி, அதை வாங்கிக்கொள்ள அன்றைக்குப் பாத்தியில் என்ன இருந்தது? அடுத்த பருவத்தில் அதே வயதுள்ள ஒரு நாற்றைப் பிடுங்கி, வெயிலில் சருகாகக் காயவைத்து நிறுத்தேன். 2 கிராம். இளம் செடியின் உலர் எடையில் நைட்ரஜன் 4 சதவீதம் போல இருக்கும். அப்படியானால் ஒரு நாற்றில் 0.08 கிராம். 25 நாற்றுக்கும் சேர்த்து 2 கிராம். அடுத்த இரண்டு வாரத்தில் அவை ஐந்து மடங்கு வளர்ந்தாலும் மொத்தம் 10 கிராம்தான் உடம்பில் சேரும். அதற்கு முன்னால் 92 கிராமைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

என்னைத் தூங்கவிடாதது அடுத்த கணக்கு. தக்காளி ஒரு டன் பழம் கொடுக்க, செடி இலை தண்டு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 2.5 முதல் 3 கிலோ நைட்ரஜன் எடுக்கும். என் பாத்தியில் நல்ல விளைச்சல் என்றால் 50 கிலோ. அதற்குத் தேவை 125 முதல் 150 கிராம். நான் இரண்டு தவணையில் போட்டது 184. கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அளவில் பெரிய பிழையே இல்லை. செடிக்குத் தேவைப்படாத நாளில் கொடுத்தேன், தேவைப்பட்ட நாளில் மண்ணில் எதுவும் இல்லை. உரத்தைப் பற்றி நாம் பேசுகிற பேச்செல்லாம் எத்தனை கிலோ, எத்தனை மூட்டை என்று எடையிலேயே நிற்கிறது. எந்த நாளில் என்கிற கேள்வி வருவதே இல்லை. மேம்பட்ட உரங்கள் என்று இன்று ஆய்வுக்கூடங்களில் இருந்து வருகிற அத்தனையும் உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிகள்தான்.

அந்த 92 கிராம் எங்கே போயிருக்கும்? யூரியா குருணை ஈரம் பட்டவுடன் கரைந்துவிடும். அதை உடைக்க மண்ணில் யூரியேஸ் என்றொரு நொதி எல்லா இடத்திலும் இருக்கிறது. நுண்ணுயிர்களும் பயிர்க்கழிவும் விட்டுச்சென்றது. 1926இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் அவரை இனத்து விதை ஒன்றிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மனிதன் படிகமாக்கிய முதல் நொதி அதுதான். அதற்காக 1946இல் வேதியியல் நோபல் பரிசும் அவருக்குப் பங்காகக் கிடைத்தது. நொதி என்பது புரதமா என்கிற பெரிய சண்டையைத் தீர்த்த அதே பொருள் என் பாத்தியில் யூரியாவை அமோனியாவாக உடைத்துக்கொண்டிருந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஒரு நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடும். குருணையைச் சுற்றிய மண் காரமாகிவிடும், காரமான மண்ணின் மேல்பரப்பிலிருந்து அமோனியா வாயுவாகக் கிளம்பும். வெயிலில் என் மூக்கில் ஏறிய நெடி அதுதான். மேலாகத் தூவி மூடாமல் விட்ட யூரியாவில் கால் பங்கு இப்படியே காற்றோடு போவது சாதாரணம். யூரியாவை இரண்டு விரல்கடை ஆழத்தில் மண்ணால் மூடியிருந்தால், அல்லது தூவியதும் அளவாகத் தண்ணீர் விட்டிருந்தால், இந்த இழப்பில் பெரும்பகுதி இல்லை. இதற்கு எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் வேண்டாம், ஒரு கொத்து போதும்.

ராத்திரி பெய்த மழை அடுத்தது. இன்னும் உடையாத யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது. மண் அதைப் பிடித்து வைக்காது, தண்ணீர் போகும் வழியில் அதுவும் போகும். உடைந்து அமோனியமாக மாறியது மட்டும் தப்பியது. அமோனியம் நேர்மின்னூட்டம் கொண்டது, களித்துகள் எதிர்மின்னூட்டம் கொண்டது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். என் மணல்மண்ணில் களி குறைவு என்பது வேறு விஷயம். ஒட்டிக்கொண்டதும் நிலையாக இருக்காது. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி பிரித்துக் காட்டிய நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று அமோனியத்தை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். வெதுவெதுப்பான மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் காரியம் முடிந்துவிடும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. மண்ணும் எதிர்மின்னூட்டம். ஒட்டாது. அடுத்த மழையிலோ, தாராளமாகப் பாய்ச்சுகிற தண்ணீரிலோ வேருக்குக் கீழே இறங்கிவிடும். பாத்தி குளமாக நின்று மண்ணில் காற்று இல்லாமல் போனால் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு மீதியை வாயுவாக விடும். பெரும்பாலும் அது சாதுவான நைட்ரஜன். ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடு. அந்தச் சிறு பங்கை அலட்சியம் செய்ய முடியாது. 100 ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், மேலே போய் ஓசோனையும் அரிக்கும்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் நைட்ரேட் தாள் ஒன்று கிடைத்தது. நுனியை ஒரு விநாடி முக்கி எடுத்து ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வெள்ளையாக இருந்த சிறு சதுரம் மெல்ல ரோஜா நிறமாகி, அதோடு நிற்காமல் கத்தரிப்பூ நிறத்தை நோக்கி நகர்ந்தது. டப்பியின் பக்கவாட்டில் இருந்த நிறப்பட்டையோடு வைத்துப் பார்த்தேன். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கும் 100க்கும் நடுவில். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை 50.

அது என் யூரியாதான் என்று சொல்ல வரவில்லை. நிலத்தடி நீர் நிதானமானது. இன்று வாளியில் ஏறுவது பல வருடங்களுக்கு முன், பல பேருடைய நிலத்தில் இறங்கியதாக இருக்கலாம். கழிவுநீர்த் தொட்டியும் பங்காளியாக இருக்கலாம். ஆனால் கலிபோர்னியாவில் காய்கறி விளையும் சலினாஸ் பள்ளத்தாக்கையும் துலாரே ஏரிப் படுகையையும் ஆராய்ந்து அங்குள்ள பல்கலைக்கழகம் 2012இல் தந்த அறிக்கை, நிலத்தடி நீருக்குள் மனிதர் சேர்த்த நைட்ரேட்டில் 96 சதவீதம் பயிர்நிலத்திலிருந்து வந்தது என்று கணக்கிட்டது. அந்த இரண்டு பகுதிகளில் மட்டும் 2,54,000 பேரின் குடிநீருக்கு ஆபத்து. உலகத்துக்கே கீரையும் கோசும் அனுப்புகிற நிலத்தின் கதை அது.

50 என்ற எல்லை கைக்குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டது. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட சிசுக்கள் நீலம் பாரித்ததைப் பதிவு செய்தார். நைட்ரேட் உடலில் நைட்ரைட்டாகி, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுகிறது. தண்ணீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் வற்றி அடர்த்திதான் கூடும். எல்லாத் தண்ணீரையும் காய்ச்சிக் குடி என்று வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியான தகவல்.

இத்தனைக்கும் இந்த ரசாயன உரம் இல்லாமல் நம்மில் பாதிப்பேர் இல்லை. காற்றிலிருக்கும் நைட்ரஜனை அமோனியாவாகப் பிடிக்கலாம் என்று ஃப்ரிட்ஸ் ஹாபர் 1909இல் செய்துகாட்டினார். கார்ல் போஷ் அதை ஆலையாக்கினார். ஜெர்மனியின் ஓப்பாவில் 1913இல் உற்பத்தி தொடங்கியது. அதுவரை சிலியின் பாலைவனத்து வெடியுப்பையும் கடற்பறவை எச்சத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் சாப்பாடு அந்தச் செயற்கை நைட்ரஜனில் விளைந்தது. இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் விழுந்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது நாம் எல்லோரும் பார்த்தது. ஆகவே உரமே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

காய்கறிக்கு மட்டும் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது? தானியப் பயிர் முற்றிக் காய்ந்த பிறகு அறுக்கிறோம். கடைசி வாரங்களில் அது மண்ணிலிருந்து அதிகம் கேட்பதில்லை, இலையில் இருப்பதைக் கதிருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். காய்கறியில் பெரும்பாலானவற்றை நாம் அவற்றின் வாலிபத்திலேயே அறுக்கிறோம். கீரையும் கோசும் பூக்கோசும் வளர்ச்சியின் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் கத்தி படுகிறது. அந்தக் கடைசி நாள்வரை இலை பச்சையாக இருக்க வேண்டும். அதற்காக மண்ணில் தழைச்சத்து மிச்சமாக இருக்கும்படியே வைக்கிறோம். பயிர் போனதும் மிச்சம் அனாதையாக நிற்கும். போதாததற்கு வெங்காயம், கீரை மாதிரியான பயிர்களின் வேர் ஒன்றரை அடிக்குக் கீழே சரியாகப் போவதே இல்லை. ஒருமுறை அந்த ஆழத்தைத் தாண்டிய நைட்ரேட் திரும்பி வராது. பூக்கோசு இன்னும் மோசம். செடி எடுத்த நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நாம் வெட்டிக்கொண்டு போகும் பூவில் இருக்கிறது. மீதி இலையிலும் தண்டிலும் வயலிலேயே கிடக்கும். இளசான அந்தத் தழை சில வாரத்தில் அழுகி மறுபடி நைட்ரேட்டாகும். அடுத்த நாற்று நடும்வரை அதை வாங்க ஆளில்லை.

மிகையான தழைச்சத்து காய்க்கும் நல்லதல்ல. வெங்காயத்தின் கழுத்து தடித்துப்போய்ச் சரியாகக் காயாமல், சேமித்து வைத்தால் அழுகும். பூக்கோசுத் தண்டு வேகமாக ஊதி உள்ளே பொந்து விழும். அமோனியம் மிகுந்தால் அது கால்சியத்தோடு போட்டிபோட்டு, தக்காளியின் அடிப்பாகம் தோல்போலக் கறுத்து அழுகும். கால்சியம் இல்லையே என்று சுண்ணாம்பைத் தேடி ஓடுவோம், காரணம் யூரியா வாளியில் இருக்கும். கீரையோ மிஞ்சிய நைட்ரேட்டை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் பசும் பசலைக்குக் கிலோவுக்கு 3,500 மில்லிகிராம் என்று எல்லை போட்டிருக்கிறது. வெளிச்சம் இருந்தால்தான் இலை நைட்ரேட்டைப் புரதமாக்க முடியும் என்பதால், மேகமூட்டமான காலத்தில் அறுத்த கீரையில் அது கூடுதலாக இருக்கும். விடியற்காலையில் அறுப்பதைவிட வெயில் கண்ட பிற்பகலில் அறுத்தால் குறையும். வாடாமல் இருக்க விடியலில் அறுப்பதுதான் வழக்கம், அதனால் இதை யாரிடம் சொன்னாலும் முறைக்கிறார்கள்.

மேம்பட்ட உரங்கள் என்றேனே, அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உறையிட்ட யூரியா. முதலில் கந்தகத்தைப் பூசினார்கள். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1960களில் உருவாக்கியது. கந்தகப் பூச்சு சற்று முரட்டுத்தனமானது. விரிசல் விட்ட குருணை உடனே கரைந்துவிடும், நன்றாகப் பூசியது பருவம் முடிந்தும் அப்படியே கிடக்கும். அடுத்து வந்த பாலிமர் பூச்சு நாகரிகமானது. நீராவி மெல்ல உறைக்குள் நுழைந்து யூரியாவைக் கரைக்கும், கரைசல் உறையின் நுண்துளை வழியாகக் கசிந்து வெளியேறும். மண் சூடானால் வேகம், குளிர்ந்தால் நிதானம். செடியின் பசியும் ஏறக்குறைய அதே வெப்பத்தோடு ஏறி இறங்குவதால் இரண்டும் ஒத்துப்போகும். கடுகளவு உருண்டை ஒன்றைக் கத்தியால் அழுத்திப் பாருங்கள், மெல்லிய தோலுக்குள் வெள்ளைச் சர்க்கரைபோல யூரியா. இரண்டு மாதம் கழித்து அதே பாத்தியைக் கிளறினால் தோல் மட்டும் இருக்கும், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்.

அந்தத் தோல்தான் தொல்லை. அது பிளாஸ்டிக். நெல்வயல்களில் இந்த உரத்தைப் பெருமளவு பயன்படுத்திய ஜப்பானில் காலித் தோல்கள் கடற்கரைகளில் ஒதுங்குகின்றன. நைட்ரேட்டைத் தடுக்கப் போய் நுண்பிளாஸ்டிக்கைத் தூவியிருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உரச் சட்டம் 2026 ஜூலைக்குப் பிறகு இத்தகைய உறைகள் மண்ணில் மக்கியாக வேண்டும் என்று கெடு வைத்தது. மக்கவும் வேண்டும், ஆனால் வேலை முடியும்வரை மக்கக் கூடாது. கேட்க எளிது, செய்ய மகா கஷ்டமான நிபந்தனை. உறையிட்டவர்கள் உர மூட்டையின் மேல் அச்சிடும் நாள் கணக்கு பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி மண்ணுக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். கொதிக்கும் வெயில்காலத்தில் 100 நாள் உரம் 100 நாள் தாங்காது.

இன்னொரு வழி, யூரியாவைப் பூட்டாமல் நொதியையும் நுண்ணுயிர்களையும் மந்தப்படுத்துவது. என்.பி.பி.டி. என்கிற பொருள் யூரியேஸை ஒன்றிரண்டு வாரம் கட்டிப்போடும், அதற்குள் மழையோ தண்ணீரோ யூரியாவை மண்ணுக்குள் இறக்கிவிடும். டி.சி.டி., டி.எம்.பி.பி. போன்ற வேதிப்பொருட்கள் அமோனியம் நைட்ரேட்டாவதைச் சில வாரம் தள்ளிப்போடும். வேப்ப எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் இந்தக் குணம் உண்டு. இந்தியா 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்றாக்கியதற்கு இது ஒரு காரணம், மானிய விலை யூரியா வேறு தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுப்பது இன்னொரு காரணம். 2010இல் உலகெங்கும் நடந்த வயல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நைட்ரேட்டாவதைத் தடுக்கும் பொருட்கள் நைட்ரஸ் ஆக்ஸைடைச் சராசரியாக 38 சதவீதமும், பாலிமர் உறை உரங்கள் 35 சதவீதமும் குறைத்திருந்தன. பெரிய எண்கள்தான்.

ஆனால் ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறக்கிறது. அமோனியமாகவே நீண்ட நாள் நிறுத்தி வைத்தால், காரமண்ணில் அது அமோனியாவாகப் பறக்கும் வாய்ப்பு கூடுகிறது. தண்ணீருக்குப் போக வேண்டியது காற்றுக்குப் போகிறது. நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலத்துக்கு டி.சி.டி. அடித்தார்கள். பாலில் அதன் சுவடு தெரிந்தது, 2013 தொடக்கத்தில் அதைச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொண்டார்கள். உடம்புக்குக் கெடுதல் என்று நிரூபணமானதால் அல்ல, பாலில் இருக்கலாகாத ஒன்று இருந்ததால். இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தும் கலவைகள் இப்போது வருகின்றன. என் பாத்தியில் நான் போடமாட்டேன், கீரையை நானே சாப்பிடுவதால் கொஞ்சம் தயக்கம். விஞ்ஞானபூர்வமான தயக்கம் என்று வாதாட மாட்டேன்.

அப்படியானால் தொழுவுரம் போதுமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது வருடம் யூரியாவின் மேல் கோபத்தில் மரத்தூள் கலந்த அரைகுறை மக்குரத்தை வண்டி வண்டியாகப் போட்டேன். கத்தரி நாற்றுகள் ஒரு மாதம் மஞ்சள் காமாலை கண்டதுபோல நின்றன. மரத்தூளில் கரி, அதாவது கார்பன், மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்ட மண்ணில் இருந்த நைட்ரேட்டையும் பிடித்துக்கொண்டன. கரிக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 20க்குக் கீழே இருந்தால் மக்கு கொடுக்கும், 30க்கு மேலே போனால் பிடுங்கும். நன்கு மக்கிய உரமும் முதல் வருடத்தில் தன் நைட்ரஜனில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் விடும். கோழி எருவோ கிட்டத்தட்ட யூரியாவின் தம்பி, பாதியளவு சீக்கிரமே வந்துவிடும். மண்ணின் அமைப்புக்கு, ஈரம் பிடிப்பதற்கு மக்குக்கு ஈடு கிடையாது, இன்றும் போடுகிறேன். ஆனால் எப்போது விடும் என்பது மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது. அறுவடை முடிந்த பிறகும் அது விட்டுக்கொண்டே இருக்கும். இயற்கையிலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் ஆலையிலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் கிணற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த இடைக்காலத்துக்கு டென்மார்க்கில் ஒரு வழி செய்கிறார்கள். அறுவடையான நிலத்தில் முள்ளங்கி, ரை புல் மாதிரி வேகமாக வேர்விடும் பிடிபயிர்களை விதைப்பது. தீவன முள்ளங்கியின் வேர் சில மாதத்தில் 2 மீட்டருக்கும் கீழே போகும். இறங்கிக்கொண்டிருக்கும் நைட்ரேட்டை வழிமறித்து மேலே கொண்டுவந்து தழையாக்கும். அந்த நாடு 1987இல் தொடங்கிய திட்டங்களால், எரு போடும் காலத்தைக் கட்டுப்படுத்தி, உரக் கணக்கைக் கட்டாயமாக்கி, பிடிபயிரையும் சேர்த்து, 2003க்குள் வயலிலிருந்து கசியும் நைட்ரஜனை ஏறத்தாழ பாதியாக்கியது. புது மருந்து எதுவும் இல்லை, கணக்கும் விதையும் சட்டமும்தான்.

மூன்றாவது வருடம் சொட்டுக்குழாய் போட்டேன். உரத்தை வாரம் ஒருமுறை கரைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். முதல் மூன்று வாரம் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பூ வந்ததும் ஏற்றி, காய் பருக்கும்போது உச்சத்தில் வைத்து, கடைசிப் பறிப்புக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுவது. சொட்டுநீரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைக்க வேண்டும், நடுவில் உரம், கடைசியில் குழாயைக் கழுவுகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். நான் ஆரம்பத்தில் உரத்தை முதலில் விட்டுவிட்டு அரை மணி நேரம் தண்ணீரைத் திறந்துவைத்திருந்தேன். கொடுத்ததை நானே கீழே தள்ளிவிட்டிருக்கிறேன். எந்த உரமானாலும் தண்ணீர் மிஞ்சினால் கதை ஒன்றுதான். உரம் தப்பிப் போகிற வண்டி தண்ணீர்.

அந்த வருடம் போட்டது மொத்தம் 110 கிராம் நைட்ரஜன். பழம், முதல் வருடத்தைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஒரு பாத்தி, ஒரு பருவம், மழையும் வேறு. இதை வைத்து யாரும் முடிவுக்கு வரக்கூடாது, நானும் வரவில்லை. அசுவினி குறைவாக இருந்தது என்பதை மட்டும் இலையைத் திருப்பிப் பார்த்தபோதெல்லாம் கவனித்தேன்.

உறையிட்ட உரத்தையும் தடுப்பானையும்விட எனக்குப் பயன்பட்டது அந்த மீன்தொட்டித் தாள்தான். மேலுரம் வைக்கும் நாளுக்கு முன்னால் பாத்தியில் ஐந்தாறு இடத்தில் ஒரு அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்துகொள்கிறேன். நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலை ஒரு குழாயில் 30 மில்லி ஊற்றி, மட்டம் 40க்கு ஏறும்வரை மண்ணைப் போட்டு, நன்றாகக் குலுக்கி வைத்தால் மண் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். தாளை அதில் முக்கி ஒரு நிமிடம். வருகிற எண்ணை இரண்டால் வகுத்தால் மண்ணில் நைட்ரேட்டாக இருக்கும் நைட்ரஜன் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். மணலா களியா, ஈரமா காய்ந்ததா என்பதைப் பொறுத்து அந்த இரண்டு கொஞ்சம் மாறும். 20க்கு மேல் வந்தால், அது ஹெக்டேருக்கு 80 கிலோ போல மண்ணிலேயே இருக்கிறது என்று அர்த்தம், அப்போதைக்கு மேலுரம் வேண்டாம். கலிபோர்னியாவின் கீரை வயல்களில் வைத்துத் தேறிய எல்லை இது.

போன வாரம் கோசு நாற்றுகளுக்கு முறை. பாத்திக்குப் பக்கத்தில் மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் தராசையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் தாளை முக்கினேன். பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். "என்ன தம்பி, மண்ணுக்கு ஜுரம் பாக்குறியா?" என்றார். நிறம் ஏறி, ரோஜாவைத் தாண்டி நின்றது. வகுத்துப் பார்த்தேன், 26. எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், முந்தின பயிரின் பூக்கோசு இலையை அப்படியே மடக்கி உழுதிருந்தேன்.

மூட்டையின் வாயைத் திரும்பச் சுருட்டிக் கயிற்றால் கட்டினேன். "அப்ப இன்னிக்கு வைக்கலியா?" என்றார் பெரியவர். "இருக்குதாம் ஐயா, அடுத்த வாரம் பாப்போம்" என்றேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் நிலத்து மண்ணையும் ஒரு கை பாரு" என்று மண் எடுத்துவரப் போனார்.